டிசம்பரில் ஆறு மணிக்கு மேல் மெஷின் ஓடாது

பேகம்பூர்ப் பக்கம் போய் எஸ்.ஏ. லேடீஸ் டெய்லர்ஸ் எங்கே என்று யாரிடம் கேட்டாலும் கையைக் காட்டிவிடுவார்கள். எஸ் என்றால் சைதூன். ஏ என்றால் அன்புக்கரசி. சைதூன் திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவள். அன்புக்கரசி ஆத்தூர்க்காரி, வயல்காட்டுப் பிள்ளை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுச் சின்னாளபட்டியில் ஒரு தையல்காரம்மாவிடம் வேலை பழகியவள். கல்யாணமாகி டவுனுக்கு வந்ததும் சைதூன் கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். இரண்டே வருசத்தில், "ஏடி, நீ தைக்கிறதுக்கு நான் சம்பளம் குடுத்தா எனக்குப் பாவம் வந்து சேரும், பேசாம பாதிக்குப் பாதி வா" என்று சைதூனே கூட்டுச் சேர்த்துக்கொண்டாள்.

கடையில் தீபாவளி, பொங்கல் கூட்டத்தை இரண்டு பேரும் சேர்ந்து சமாளிப்பார்கள். ரம்ஜான் கூட்டம் சைதூன் தலையில். கிறிஸ்துமஸ் கூட்டம் அன்புக்கரசி தலையில்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் புதுத்துணி இல்லாமல் கோயில் படி ஏறுகிற பழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது. கடன் வாங்கியாவது எடுப்பார்கள். எடுத்த சேலைக்கு ரவிக்கை தைக்க எல்லாரும் வந்து நிற்கிற இடம் அன்புக்கரசியின் மேசை முன்னால். கொடுக்கிறபோது, "அவசரமில்ல அன்பு, மெதுவாத் தை" என்பார்கள். டிசம்பர் இருபதாம் தேதி வந்துவிட்டால் அதே வாய், "இன்னுமா தைக்கல?" என்று கேட்கும். கடைசி ரவிக்கையைக் கொடுத்து அனுப்பிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்ப் படுக்கும்போது, மற்றவர்கள் எழுந்து குளிக்கத் தொடங்கியிருப்பார்கள். ஐந்து மணி ஆராதனைக்கு மணி அடிப்பது அவள் காதில் விழாது. அடித்துப் போட்டாற்போல் தூங்குவாள். முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடுகிற வருசங்களில், வாசலில் ஜனம் கைகொடுத்துக் கலைந்துகொண்டிருக்கும்.

"உலகத்துக்கே நற்செய்தி வந்துச்சு. எம் பொண்டாட்டிக்கு மட்டும் எட்டு வருசமா அடுத்தவக சொல்லித்தான் தெரியும்" என்று அவள் புருசன் ஆனந்த்ராஜ் கேலி செய்வான். காய்கறி மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வாய் கொஞ்சம் நீளம்.

தூக்கத்தைவிட அவளுக்குப் பெரிய வலி வேறொன்று இருந்தது. அன்புக்கரசி பாடுகிறவள். ஆத்தூர்ச் சிற்றாலயத்தில் அவள் பாடினால், தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறவர் மண்வெட்டியை நட்டுவிட்டு நிற்பார். டவுன் கோயில் பாடகர் குழுவிலும் அவள் இருந்தாள், டிசம்பர் நீங்கலாக வருசத்தில் பதினோரு மாதம் மட்டும். பாடகர் குழுவை நடத்துகிற ஸ்டான்லி சார், பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வருகைப் பதிவில் கறார். கிறிஸ்துமஸ் பயிற்சிக்கு மூன்று நாள் வரை வராமல் இருக்கலாம். நான்காவது நாள் வராவிட்டால், அது ஆயருடைய மகளாக இருந்தாலும் பண்டிகையன்று குழுவில் நிற்க முடியாது. டிசம்பரில் எந்தத் தையல்காரிக்கு மூன்று நாளோடு தீரும்? எட்டு வருசமாக, தான் தைத்துக்கொடுத்த ரவிக்கைகள் வரிசையாக நின்று பாடியதை அன்புக்கரசி மறுநாள் யாருடைய போனிலாவதுதான் பார்த்தாள்.

இந்த வருசம் அவளைக் கிளப்பிவிட்டவள் சைதூன்தான்.

நோன்பு நேரம். கடை நிறைய ஆள். பாங்கு சொன்னதும் சைதூன் பாதித் தையலில் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்ததும் அன்புக்கரசி கேட்டாள்.

"ஏன்டி சைதூன், இம்புட்டு ஆளு நிக்கிது, உனக்குப் படபடன்னு வராதா?"

"எதுக்கு வரணும்? அல்லாட்ட, கஸ்டமர் நிக்கிறாக, செத்த நேரம் கழிச்சு வாரேன்னு சொல்லச் சொல்றியா?" சைதூன் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "நானும் இம்புட்டு வருசமாப் பாக்குறேன். ஊருக்கே பண்டிகை தச்சுக் குடுத்துட்டு நீ போயி கவுந்தடிச்சுத் தூங்குற. உங்க சாமி என்ன, டெலிவரி முடிச்சவகளுக்கு மட்டுமா பொறந்தாரு?"

அன்புக்கரசி குனிந்து மெஷினை மிதித்தாள். ஆனால் நவம்பர் கடைசியில் கடை வாசலில் ஓர் அட்டை தொங்கியது. கொட்டை எழுத்தில் அவளே எழுதியிருந்தாள்: "கிறிஸ்துமஸ் ஆர்டர் முடிந்தது. டிசம்பரில் ஆறு மணிக்கு மேல் மெஷின் ஓடாது."

சந்தே சிரித்தது. "இது என்ன கவர்மென்ட் ஆபீசா?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி துணிப்பையை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு மட்டும், அன்பு. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கிசுகிசுத்தாள். பையை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள் அன்புக்கரசி. நாலு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். விடியற்காலையில் ஐந்து மணிக்கே வந்து கடையைத் திறப்பாள். பகலெல்லாம் மெஷின் தடதடக்கும். சாயங்காலம் ஆறு அடித்தால், கால் மெஷின் மிதிப்பலகையிலிருந்து இறங்கிவிடும். முகம் கழுவி, தலையை ஒதுக்கி, பாட்டுத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஸ்டான்லி சாருக்கே ஆச்சரியம். வருசா வருசம் ஒரு புதுப் பாட்டு எழுதி மெட்டமைப்பது அவர் வழக்கம். இந்த வருசப் பாட்டு, மரியாளும் யோசேப்பும் பெத்லகேமில் தங்க இடம் கேட்டு வீடு வீடாகக் கதவு தட்டுவது பற்றியது. முதல் நாலு வரி கீபோர்டு இல்லாமல் தனிக் குரல். அந்த நாலு வரியை அவர் அன்புக்கரசிக்குக் கொடுத்தார். அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்தா போனாள், பறந்தாள் என்று ஆனந்த்ராஜ் சொல்வான்.

இடையில் மூன்று நாள் போய்விட்டது. ஆத்தூரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், இரண்டு நாள். காய்ச்சல், ஒரு நாள். "மூணும் தீந்துபோச்சும்மா" என்றார் ஸ்டான்லி சார். "இனி ஒரு நாள்னா, நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது." அவள் தலையாட்டினாள். வாங்கிய தையலெல்லாம் முடியப் போகிறது. இனி என்ன வரப் போகிறது?

வந்தது, கோயிலிலிருந்தே வந்தது.

பாடகர் குழுப் பெண்கள் பதினாலு பேருக்கும் ஒரே மாதிரிச் சுங்குடிச் சேலை சின்னாளபட்டியில் சொல்லியிருந்தார்கள். மழை விடாமல் பிடித்துக்கொண்டதில் சாயம் காயவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்து, இருபத்திரண்டாம் தேதி மதியம்தான் கட்டு வந்து இறங்கியது. அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி. சேலையோடு சேர்ந்த ரவிக்கைத் துணி, இனிமேல்தான் வெட்ட வேண்டும். கட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டான்லி சாரும் கோயில் பெண்கள் ஐக்கியச் சங்கச் செயலாளர் ஜெஸ்ஸியும் கடைக்கு வந்தார்கள். ஜெஸ்ஸியும் குழுவில் பாடுகிறவள்தான். ஒரு நாள்கூடப் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை என்பதில் அவளுக்குப் பெருமை.

"அன்பு, உன்னை விட்டா ஆளு இல்ல" என்றாள் ஜெஸ்ஸி. "நாளைக்கும் நாளன்னைக்கும் உக்காந்தா முடிஞ்சிரும்ல?"

அன்புக்கரசி சேலையைத் தடவிப் பார்த்தாள். "பதினாலு ஜாக்கெட், லைனிங் வச்சு. ராவும் பகலும் உக்காந்தா முடியும்க்கா. ரெண்டு நாளும் சாயங்காலம் பயிற்சி இருக்கே?"

ஸ்டான்லி சார் தொண்டையைச் செருமினார். ஜெஸ்ஸிதான் சொன்னாள். "பயிற்சிக்கு நீ வர முடியாதுதான். அந்த நாலு வரிய நான் பாடிக்கிறேன். நீ என்ன சும்மாவா இருக்கப் போற? கோயிலுக்குத்தானே தைக்கிற? அதுவும் ஊழியந்தானே அன்பு?"

மெஷின் இரண்டும் நின்றிருந்தன. சைதூன் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டி அன்புக்கரசியைப் பார்த்தாள். சொல்லுடி என்று அந்தக் கண் சொன்னது.

அன்புக்கரசி சேலையை மடித்து வைத்தாள். சரிக்கா என்று சொல்லிவிடுவது எவ்வளவு லேசு! எட்டு வருசமாகச் சொன்னதுதான். நாக்கின் நுனி வரைக்கும் வந்த அந்தச் 'சரி'யை அவள் விழுங்கினாள்.

"ஊழியந்தான்க்கா. நான் இல்லேங்கல. எட்டு வருசமா ஊழியம் பாத்துட்டேன். இந்த ஒரு வருசம் சாமி கும்புட்டுக்கிறனே."

ஜெஸ்ஸிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப பதினாலு பொம்பளையும் பழைய ஜாக்கெட்டோட நிக்கவா?"

"நிக்க வேணாம். தச்சுத் தாரேன். ஆனா அட்டையில போட்டது போட்டதுதான். ஆறு மணிக்கு மெஷின் நிக்கும். அதுக்கு மேல கைவேலைதான் கெடக்கும். கை தைக்கட்டும், வாய் பாடட்டும். நாளைக்குப் பயிற்சிய இங்கன வைங்க சார். எல்லாரும் வாங்க, ஆளுக்கு ஒரு ஊசி தாரேன்."

"இங்கனயா?" ஸ்டான்லி சார் கடையைச் சுற்றிப் பார்த்தார். துண்டுத் துணிக் குப்பை, ஆணியில் தொங்குகிற அளவு ரவிக்கைகள், மூலையில் இஸ்திரிப் பெட்டி. "தையக் கடையில கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியா?"

"மாட்டுக் கொட்டாயில பொறந்தவரு சார். தையக் கடைன்னா கோவிச்சுக்கிடவா போறாரு?"

சைதூன் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த குண்டூசியெல்லாம் சிதறியது. ஸ்டான்லி சார் இன்னொரு தடவை கடையைச் சுற்றிப் பார்த்தார். "சரிம்மா, நாளைக்கு வாரோம்" என்றார்.

மறுநாள் விடிகாலையில் சைதூன் வந்தபோது, அன்புக்கரசி முதல் ரவிக்கையை வெட்டி, தைத்து, ஆணியில் மாட்டியே விட்டிருந்தாள். சைதூன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தோள் அளவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஏடி, இது உன்னதுல்ல?"

"ஆமா."

"முதல்லயேவா?"

"பின்ன? எப்பவும் எந் துணி சுருட்டுனபடி கெடந்து, தைப்பொங்கலுக்குத்தான் அதத் தச்சுப் போடுவேன். இந்தத் தடவ மத்தவக காத்திருக்கட்டும்."

"இப்பத்தான்டி உனக்குப் புத்தி வந்துருக்கு" என்று சொல்லிவிட்டு, சைதூன் தன் ஆர்டர்களை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "வெட்டுனதக் குடு, நான் ஜாக்கெட்டுக்குக் கை வச்சுத் தைக்கிறேன்."

அன்றைக்கு இரண்டு மெஷினும் ஓடிய ஓட்டம் தெருமுனை வரைக்கும் கேட்டது. ஆறு மணிக்கு நின்றது. ஐந்து நிமிசத்தில் சந்து நிறைய செருப்பு.

உள்ளே பெண்கள், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆண்கள். கீபோர்டை இஸ்திரி மேசை மேல் வைத்தார்கள். பெண்கள் விளிம்பு மடித்துத் தைத்தார்கள். ஆண்களுக்குக் கொக்கி வேலை. கனத்த பாஸ் குரலில் பாடுகிற பாஸ்கல், லாரி மெக்கானிக். அவருடைய விரலுக்குள் ஊசி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆனாலும் நாக்கைத் துருத்திக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தைத்தார். முடித்துவிட்டுப் பெருமையாக நீட்டினார்.

வாங்கிப் பார்த்த சைதூன் அதை முன்னும் பின்னும் திருப்பினாள். பிறகு கேட்டாள்: "பாஸ்கல் அண்ணே, ரெண்டு பக்கமும் ஹூக்கா வச்சிருக்கீக. எதுல போயி எத மாட்டுறது?"

"ரெண்டு பக்கமும் கெட்டியா இருக்கட்டும்னுதான்..."

"லாரிக்குத்தான் அண்ணே அது. ஜாக்கெட்டுக்கு ஒரு பக்கம் வளையம் வேணும்."

சிரிப்பு அடங்குவதற்குள் ஸ்டான்லி சார் கையைத் தூக்கினார். "இதே மூச்சு. எல்லாரும் நல்லா சிரிச்சு மூச்சு தெறந்திருக்கு. அப்படியே எடுங்க. அன்பு, நீ."

அன்புக்கரசி கையில் ஒரு ரவிக்கைக் கழுத்து இருந்தது. ஊசியை அதிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து நின்றாள். கதவு தட்டுகிற அந்த நாலு வரியையும் பாடினாள். எதிர்த்த டீக்கடையில் டிவியின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். பைக்கில் வந்த ஒருவன் சந்தை மறித்துக்கொண்டு நின்றுவிட்டான், பின்னால் வந்தவனும் ஹாரன் அடிக்கவில்லை. நாலு வரி முடிந்து மொத்தக் குரலும் சேர்ந்து எழும்பியபோது, தகரக் கூரை அதிர்ந்தது. இத்தனை நாள் கோயில் ஹாலில் எடுபடாத இரண்டாம் சரணம், பதினேழு அடிக் கடைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒருவர் குரல் ஒருவர் காதில் விழுந்ததும், தானாக இழைந்துகொண்டது. ஸ்டான்லி சார் இரண்டாவது தடவை பாடச் சொல்லவே இல்லை.

இருபத்து நாலாம் தேதி கடைசிப் பயிற்சி. அது கோயிலில், பலிபீடத்துக்கு முன்னால் நின்று பார்க்க வேண்டியது, இடம் மாற்ற முடியாது. பகல் முழுக்க இரண்டு பேரும் நிமிரவில்லை. மதியச் சோறு தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமலே தயிரோடு தொண்டையில் இறங்கியது. ஒவ்வொருத்தியாக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஆறு மணி ஆகப் போகும்போது ஒன்றே ஒன்று மிச்சம். உடம்புத் தையல் முடிந்துவிட்டது, கை இரண்டும் ஏற்ற வேண்டும், கழுத்துப் பட்டி பிடிக்க வேண்டும். அது ஜெஸ்ஸியுடையது. வாங்குவதற்காக ஜெஸ்ஸியே எதிரில் நின்றுகொண்டிருந்தாள். சைதூன் வீட்டில் விருந்தாளி வந்து, அவள் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தாள்.

ஆறு. அன்புக்கரசி எழுந்தாள்.

"அன்பு, இன்னும் அர மணி நேரந்தான்" என்றாள் ஜெஸ்ஸி. "நான் சார்ட்ட சொல்லிக்கிறேன். லேட்டா வந்தா வந்ததாக் கணக்கு வச்சுக்கிடச் சொல்றேன்."

"சார் வச்சுக்கிட மாட்டாருக்கா, உங்களுக்கே தெரியும். கடைசிப் பயிற்சி, செபத்தோட ஆரம்பம், செபத்துக்கு இல்லேன்னா இல்லேன்னுதான் எழுதுவாரு."

"அப்ப என்னைய என்ன பண்ணச் சொல்ற?"

அன்புக்கரசி முகத்தைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "அக்கா, உங்களுக்குத் தைக்கத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தி மெஷின் வச்சிருந்தேன்னு நீங்களே எங்கிட்டச் சொல்லிருக்கீக. எனக்கு லீவு தீந்துபோச்சு. உங்களுக்கு மூணு நாளும் முழுசா இருக்கு. ஒண்ணு எடுத்துக்கங்க."

ஜெஸ்ஸி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருசமாக ஒரு நாள்கூட விடாத வருகை. வெளியே ஆனந்த்ராஜ் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தான். "பாடகி அம்மா, வண்டி ரெடி!"

ஜெஸ்ஸி கைப்பையை மேசையில் வைத்தாள். மெஷின் முன்னால் உட்கார்ந்து, சக்கரத்தை ஒரு தடவை கையால் உருட்டிப் பார்த்தாள். "ஆறு மணிக்கு மேல மெஷின் ஓடாதுன்னு போட்டிருக்கியே" என்றாள். குரலில் பாதி வீம்பு, பாதி சிரிப்பு.

"எம் மெஷின்தான் ஓடாது. நீங்க சைதூன் மெஷின்ல ஓட்டுங்க. அவ அட்டையில கையெழுத்துப் போடல." சாவியை மேசையில் வைத்தாள் அன்புக்கரசி. "பூட்டிட்டு எதிர்த்த டீக்கடையில குடுத்துருங்க. கை ஏத்துறப்ப நடுவுல ஊசி குத்தி வச்சுக்கங்க, சுருக்கம் விழாது."

பயிற்சியின் தொடக்கச் செபத்துக்கு ஸ்டான்லி சார் கண்ணை மூடுவதற்கு முன்னால் அவள் தன் இடத்தில் நின்றாள். வருகைத் தாளில் ஜெஸ்ஸி பெயருக்கு நேராக 'இல்லை' என்று எழுதியபோது, சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

அன்று அன்புக்கரசி ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கினாள். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் அவள் தூங்கியது கல்யாணத்துக்கு அப்புறம் அதுவே முதல் தடவை.

விடியுமுன் சிறுமலைப் பக்கமிருந்து வந்த குளிர் தெருவில் நின்றது. மணி அடிக்கும்போது அவள் கோயில் வாசலில் இருந்தாள், தலை நிறைய மல்லிகை, உடம்பில் அரக்குச் சுங்குடி. இரண்டு வரிசையாகப் பெண்கள் நின்றார்கள். ஜெஸ்ஸியும் வந்து பக்கத்தில் நின்றாள். கையை நீட்டி அன்புக்கரசியின் முந்தானைப் புள்ளிகள் மேலே தெரியும்படி சரிசெய்து விட்டாள்.

விளக்கையெல்லாம் அணைத்தார்கள். ஆயர் கையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. ஸ்டான்லி சார் விரலை லேசாக அசைத்தார்.

அன்புக்கரசி பாடினாள். கீபோர்டு இல்லை, மைக் இல்லை. ஒரு கதவு, அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு என்று அந்தக் குரல் தட்டிக்கொண்டே போனது. தூங்கி வழிந்த பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். முன் வரிசையில் ஆனந்த்ராஜ், கேலி பேச வாயில்லாமல், போனில் படமெடுக்கவும் மறந்துபோய் உட்கார்ந்திருந்தான். வாசலுக்கு வெளியே இடமில்லாமல் நின்ற கூட்டத்தில், தலையில் முக்காடு போட்ட சைதூன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள். நாலாவது வரியில் குரல் உச்சத்துக்கு ஏறி, அங்கேயே உடையாமல் நின்றது. அப்போது குழு முழுவதும் சேர்ந்துகொண்டது, விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தன, எழுந்திருக்கச் சொல்லாமலே சபை எழுந்து நின்றது.

அவளுக்கு ஆராதனை அதோடு முடியவில்லை. வேதபாடம் கேட்டாள். ஆயர் சொன்ன செய்தியை ஒரு கொட்டாவி இல்லாமல் கேட்டாள். திருவிருந்தில் அப்பம் வாங்க முழங்காலிட்டபோது, அவளை அவசரப்படுத்த உலகத்தில் யாருமில்லை. ஆசீர்வாதத்துக்குத் தலை குனிந்து, கடைசி ஆமென்னையும் தன் வாயாலேயே சொன்னாள்.

வெளியே வந்தால் வெளிச்சம் பரவியிருந்தது. ஆனந்த்ராஜ் தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவசரப்படுத்தினான். "கறிக்கடையில இப்பவே கூட்டமாம். வீட்ல ஒரு முறுக்குக்கூடச் சுடல. சீக்கிரம் வா, போவோம்."

"நீ போயி வரிசையில நில்லு" என்றாள் அன்புக்கரசி. "நான் எல்லாருக்கும் கைகுடுத்துட்டு வாரேன்."

சொல்லிவிட்டு ஆயருக்குப் பக்கத்தில், வாசல் படியில் போய் நின்றுகொண்டாள். வெளியே வந்த ஒவ்வொருவருடைய கையையும் பிடித்துக் குலுக்கினாள். "ஹேப்பி கிறிஸ்துமஸ்க்கா. ஹேப்பி கிறிஸ்துமஸ் அண்ணே." கடைசி ஆள் படியிறங்குகிற வரைக்கும் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.